மனு வாங்காத ஆபீசுக்கு ஒரு வளைகாப்புப் பத்திரிகை

போன செவ்வாய்க்கிழமை காலை. வாய் நிறைய பேஸ்ட் நுரையோடு நிற்கிறேன், செல்வியிடமிருந்து ஃபோன்.

"அண்ணா, கவிதாவுக்குப் பொண்ணு பொறந்திருக்குது. ஆஸ்பத்திரியிலதான்."

குழந்தை ஆஸ்பத்திரியில் பிறப்பதில் என்ன அதிசயம் என்று கேட்கிறீர்களா? கள்ளக்குறிச்சியில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டேன். கவிதாவின் ஊர் கல்வராயன் மலையில், தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் மேலே. ஆம்புலன்ஸ் தார் ரோடு வரைக்கும் வரும். அதற்கு மேல் மண் பாதை, உருட்டுக் கல், ரெண்டு ஓடை. வலி எடுத்தால் மூங்கிலில் தூளி கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பல சமயம் பாதி வழியிலேயே குழந்தை பிறந்துவிடும். சில சமயம்... வேண்டாம், இன்றைக்கு சந்தோஷமாகப் பேச வந்திருக்கிறேன்.

கவிதா ஜீப்பில் இறங்கினாள். அந்த ஜீப் எப்படி வந்தது என்பதுதான் இந்த வாரக் கதை. சுருக்கமாகச் சொன்னால், என்னுடைய நாற்பது பக்க ஃபைலால் வரவில்லை. ஒரு எவர்சில்வர் தட்டால் வந்தது.

செல்வி கச்சிராயபாளையத்துப் பெண். அப்பா அம்மா கரும்பு வெட்டப் போகிறவர்கள். நர்ஸ் உதவியாளர் படிப்பு படித்துவிட்டு மலைக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சின்ன டிரஸ்ட். சொத்து என்று பார்த்தால் ஒரு வாடகை வீடு, ஒரு பி.பி. மெஷின், யாரோ தானமாகக் கொடுத்த ஒரு பழைய ஜீப். அந்த ஜீப்தான் தூளிக்கு பதிலாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மழைக்கால மத்தியானம் ரெண்டாவது ஓடையில் நின்றது. நின்றது நின்றதுதான். மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, மூடிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

இந்த இடத்தில்தான் அடியேன் உள்ளே நுழைகிறேன். என் இங்கிலீஷ் மேல் எனக்கு அபார நம்பிக்கை. சின்னச் சின்ன டிரஸ்டுகளுக்கு விண்ணப்பம் எழுதித் தருவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. மலைப்பாதைக்கு ஏற்ற புது ஜீப், டிரைவர் சம்பளம், டீசல்... நம்ம ஊரில் வசூல் பண்ணிச் சமாளிக்கிற விஷயம் இல்லை. தேடினேன். சென்னையில் ஒரு ஃபவுண்டேஷன் கண்ணில் பட்டது. பெயர் வேண்டாம். தாய் சேய் நலத்துக்குத்தான் கொடுக்கிறார்கள், அதுவும் மலை கிராமங்களுக்கு. அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது! ராப்பகலாக உட்கார்ந்து நாற்பது பக்கம் தட்டினேன். அனுப்பப் போகும்போதுதான் வெப்சைட்டில் கடைசி வரியைப் படித்தேன். "நாங்களாக அழைக்காமல் வரும் விண்ணப்பங்களை ஏற்பதில்லை."

அதாவது, கேட்டால் தர மாட்டார்கள். அவர்களாகக் கூப்பிட்டு "கேள்" என்று சொன்ன பிறகுதான் கேட்க வேண்டும்.

இது என்ன வழக்கம் என்று விசாரித்தேன். இப்படி நிறைய இருக்கிறதாம். ஒரு பணக்காரக் குடும்பம் தன் சொத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கும். அதில் வருகிற வருமானத்தில் உதவி. ஆபீசில் ரெண்டு பேர், மூணு பேர். கதவைத் திறந்து வைத்தால் மூட்டை மூட்டையாக மனு வந்து குவியும், படிக்க ஆள் கிடையாது. அதனால் அவர்களே நாலு பேரிடம் விசாரித்து, சத்தமில்லாமல் போய்ப் பார்த்து, பிடித்திருந்தால் கூப்பிடுவார்கள். யோசித்தால் நியாயம்தான். ஆனால் ஆறு கிலோமீட்டர் மண் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற செல்வியைப் பற்றி எந்த நாலு பேர் போய்ச் சொல்லப் போகிறார்கள்?

செல்வியிடம் விஷயத்தைச் சொன்னேன், ஆறுதலும் சொன்னேன். அவள் மிக்சரைக் கொறித்துக்கொண்டே கேட்டாள்.

"மனுதானே வாங்க மாட்டாங்க? பத்திரிகை வாங்குவாங்க இல்ல?"

எனக்குப் புரியவில்லை. வருஷா வருஷம் மலையில் கர்ப்பமான பெண்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பந்தலில் வளைகாப்பு நடத்துவாள் செல்வி. பெண்கள் வந்து சேர்ந்தால் அப்படியே பிரஷர் பார்க்கலாம், ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று ஒரு கணக்கு. அந்த வளைகாப்புக்கு ஃபவுண்டேஷன்காரர்களை அழைக்கப் போகிறாளாம். அவர்கள் நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்றால் நாம் அவர்களைக் கூப்பிட்டுவிட்டுப் போகிறோம், இதில் என்ன இருக்கிறது என்கிறாள்.

சரி, தபாலில் ஒரு கார்டு அனுப்பு என்றேன். என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை... விசேஷத்துக்கு யாராவது தபாலில் கூப்பிடுவார்களா? நேரில் போய், தட்டு வைத்து, வெத்தலை பாக்கோடு கூப்பிடணும். ரொம்ப தூரம் என்பதெல்லாம் ஒரு சாக்கா?

ஒரு புதன்கிழமை விடியற்காலை கள்ளக்குறிச்சியில் சென்னை பஸ் ஏறினோம். செல்வி மடியில் தட்டு. வெத்தலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள் குங்குமம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. மேலே ஒரு துண்டு போட்டு மூடியிருந்தாள். கொஞ்ச நேரம் பிடிங்கண்ணா, கை வலிக்குது என்றாள். வெட்கமாக இருந்ததால் நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தியபோது, இப்படியே இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். என் பையில் அந்த நாற்பது பக்கம் பத்திரமாக இருந்தது. செல்விக்குத் தெரியாமல்தான் எடுத்து வந்திருந்தேன்.

ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி. நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதா என்று தமிழில் கேட்டார். இல்லை. அப்படியென்றால் உள்ளே விடுவதற்கில்லை. என் இங்கிலீஷ் அத்தோடு முடிந்தது. செல்வி முன்னால் வந்து துண்டை எடுத்தாள்.

"பத்திரிகை வைக்க வந்திருக்கோம்ங்க."

அந்த மனுஷன் எழுந்து நின்றுவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், எந்த ஊரு, யாருக்கு விசேஷம் என்று விசாரித்தார். எங்களை உள்ளே ஹாலில் உட்கார வைத்துவிட்டு, அவரே போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நம்ம நாட்டில் தட்டோடு வந்தவரை வாசலில் நிறுத்தி வைக்க யாருக்குத்தான் மனசு வரும்?

வந்தவர் மூர்த்தி. யாருக்கு உதவலாம் என்று தேடிப் பார்த்துச் சொல்கிற அதிகாரி அவர்தான். ஐம்பது வயசு இருக்கும், சாந்தமான முகம். செல்வி தட்டை நீட்டினாள். அவர் ஒரு நொடி தயங்கினார். அப்புறம் செய்தார் பாருங்கள், அதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஏ.சி. ஹாலில், கார்ப்பெட் மேல், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, ரெண்டு கையாலும் தட்டை வாங்கினார். வாங்கிய பிறகுதான் அவருக்கே உறைத்திருக்கும். தட்டை வாங்கிவிட்டால் போய்த்தானே ஆக வேண்டும்? அவர் கண் மெதுவாக என் பையின் பக்கம் போயிற்று.

"ஏதாவது விண்ணப்பம் கொண்டு வந்திருந்தா..." என்று சங்கடமாக இழுத்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார்," என்றாள் செல்வி. "வூட்ல அம்மாவையும் கூட்டிக்கினு வாங்க. புள்ளைங்களுக்கு வளையல் போட்டு ஆசீர்வாதம் பண்ணிட்டு, சாப்ட்டுப் போங்க."

என் பை என் மடியில் கனத்தது. திறக்கவில்லை.

வந்தார்கள். சத்தியமாக வந்தார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலை ஊருக்கு ஏறுகிற ரோட்டில் வளைவுக்கு வளைவு கார் திணறி, தார் ரோடு முடிகிற இடத்தில் எங்கள் பந்தலுக்கு வந்து சேர்ந்தது. மூர்த்தியும் அவர் மனைவியும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய கண்ணாடி வளையலோடு இறங்கினார்கள். சும்மா கை வீசிக்கொண்டு வளைகாப்புக்குப் போவதா என்று அந்த அம்மா கடையிலேயே நின்று எண்ணி வாங்கினாராம்.

பந்தலில் அமர்க்களம். ஒரு பக்கம் புளி சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம். இன்னொரு பக்கம் சாமைப் பாயசம். கவிதா அப்போது கல்யாணமாகி ரெண்டு மாசம். சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் ஓடிக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் நீ உக்காரணும்டி என்று எல்லாரும் அவளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

விசேஷத்தின் நாயகிகள் மட்டும் இன்னும் வரவில்லை. மூர்த்தி டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அப்போது மேலே மண் பாதையில் வரிசையாகத் தெரிந்தார்கள். ஏழாம் மாசம், எட்டாம் மாசம். பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையால் முன்னால் போகிறவள் தோளைப் பிடித்துக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கினார்கள். மூர்த்தி எழுந்து நின்றார். அவர்கள் கீழே வந்து சேருகிற வரைக்கும் உட்காரவே இல்லை.

வளையல் போடும்போது அந்த அம்மா ஒரு பெண்ணிடம், எப்படிம்மா இவ்வளவு தூரம் வந்தீங்க என்று கேட்டார். நடந்துதான், முன்ன ஜீப் இருந்துச்சு, இப்ப இல்ல என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். அந்த அம்மா பெட்டியிலிருந்து இன்னும் ரெண்டு வளையல் எடுத்து அவள் கையில் போட்டுவிட்டார்.

எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. இதுதானே நேரம்? ஃபைல் பையில் இருக்கிறது, ஆள் எதிரில் இருக்கிறார், விஷயம் கண் முன்னால் நடந்து வந்து உட்கார்ந்திருக்கிறது! செல்வியைப் பார்த்துக் கண்ணைக் காட்டுகிறேன். அவள் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றுவதிலேயே குறியாக இருக்கிறாள். சாப்பிட்டார்கள். தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டார்கள். வரோம்மா என்றார்கள். போய்விட்டார்கள். ஜீப் வேண்டும் என்று செல்வி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். இனி அடுத்த மழைக்கும் தூளிதானா, வீம்புக்காக இத்தனை பெண்களை நடக்க விடுவாயா என்றெல்லாம் கேட்டுவிட்டேன். செல்வி பொறுமையாகக் கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

"எனக்கு மட்டும் கேக்கணும்னு இல்லியாண்ணா? விசேஷத்துக்குக் கூப்ட்டுட்டு வந்தவங்க கிட்ட கை நீட்டினா, அடுத்த வாட்டி இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு கூப்பிடறது?"

நான் பையை ஓரமாக வைத்துவிட்டு இலை எடுக்கப் போனேன்.

மூணு வாரம் கழித்து, பத்திரிகையில் தொடர்புக்கு என்று போட்டிருந்த என் முகவரிக்கு ஒரு மெயில் வந்தது. கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். "உங்கள் அமைப்பை விண்ணப்பிக்குமாறு அழைக்கிறோம்." ரெண்டு தடவை படித்தேன். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்தேன். அவரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். டவுன் பஸ் போயே போய்விட்டது.

செல்விக்கு ஃபோன் போட்டு படித்துக் காட்டினேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன்.

"மெயில்லயா கூப்ட்டாங்க?" என்றாள் கொஞ்சம் வருத்தமாக. "நாம நேர்ல போனோமே."

விண்ணப்பம் சின்னது. என் நாற்பது பக்கத்தில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. ஜீப் வந்தால் என்ன மாறும் என்று ஒரு கேள்வி. நான் இங்கிலீஷில் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது செல்வி சொன்னாள். தூளி தூக்கற நாலு பேரு அன்னிக்குக் கூலி வேலைக்குப் போவாங்க, போன பொண்ணு புள்ளையோட திரும்பி வரும் என்று. அதையே எழுதினேன். மூர்த்தி மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஆபீஸ் வேலையாக. ஆறு கிலோமீட்டரும் மேலே நடந்தார். நூறு கேள்வி கேட்டார். இறங்கி வரும்போது என்னிடம் சொன்னார், "நாங்களும் ரொம்ப நாளா தேடிக்கிட்டுதான் சார் இருந்தோம். யாரைக் கேட்டாலும் அதே நாலு பேரைத்தான் சொல்றாங்க."

அன்றைக்கு ஒன்று புரிந்தது எனக்கு. கொடுக்கிறவர் வீட்டுக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறது என்று நாம் திட்டிக்கொண்டிருக்கிறோம். அவரை மட்டும் இங்கே யார் வா என்று கூப்பிட்டார்கள்?

ஜீப் வந்தது. மாவிலையும் சந்தனமும் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டினோம். போன திங்கட்கிழமை சாயங்காலம் கவிதாவுக்கு வலி கண்டது. ரெண்டாவது ஓடையை ஜீப் ஜம்மென்று தாண்டியதாம்.

குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள். மூர்த்தி குடும்பத்தைக் கண்டிப்பாகக் கூப்பிட வேண்டும் என்றாள் செல்வி. இவ்வளவு பழகியாச்சு, ஒரு ஃபோன் போட்டால் போதாதா என்றேன்.

"அவங்க மெயில்ல கூப்ட்டாங்கன்னு நாமளும் அப்பிடியே செய்ய முடியுமாண்ணா?"

நாளைக்கு விடியற்காலை பஸ். இந்தத் தடவை ஃபைல் வீட்டிலேயே இருக்கட்டும்... தட்டு என் மடியில்தான்.