மாடி வீட்டுப் போகியம்

எங்கள் மாடியில் குடியிருந்த கொரியாக்காரரைப் பற்றி இந்தத் தெருவில் இன்றைக்கும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பணத்தைப் பதுக்க வந்தவர் என்கிறார் ஒருவர், இங்கே யாரையோ வைத்திருந்தார் என்கிறார் இன்னொருவர். வாய் இருக்கிறது, பேசுகிறார்கள். அவர் வயதான காலத்தில் இருக்க ஓர் இடம் தேடினார், அவ்வளவுதான். எங்கள் மாடி அவருக்குப் பிடித்துப்போனது.

அவர் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் இன்ஜினியர். என் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அந்தப் பழக்கத்தில்தான் தண்டலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாடகையைக் கம்பெனி கட்டியது. கம்பெனி லைனில் வேலை செய்கிறவர்களிடம் தமிழ் கற்றுக்கொண்டவர் என்பது எனக்குத் தெரியாது. முதல் நாள் மாடியிலிருந்து "இன்னாம்மா, தண்ணி வர்ல" என்று குரல் கேட்டபோது யாரோ பிளம்பர் என்று நினைத்து, "நீ யாருப்பா?" என்று அதட்டிவிட்டேன். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ரிட்டையர் ஆகிற சமயத்தில் ஒரு நாள் கீழே வந்து, ஊருக்குப் போகப் போவதில்லை, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஆட்கள் எப்படா விசா கிடைக்கும் என்று வெளியே ஓடப் பார்க்கிறார்கள். இந்த மனிதர் புழுதியும் கன்டெய்னர் லாரியுமாக இருக்கும் இந்த ஊரில் காலத்தைத் தள்ளுகிறேன் என்கிறார்.

"இன்னா சார் பேசறீங்க? ஊர்ல புள்ள கீறாரு, ஆஸ்பத்திரி கீது. இங்க இன்னா கீது?" என்று கேட்டேன்.

அவர் மனைவி இறந்தபோது அவர் இங்கே வேலையில் இருந்தார். விமானம் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அது எனக்கு முன்பே தெரியும். அவர் சொன்ன பதில்தான் புதிது.

"அந்த வூட்ல அவ இருந்தா. இப்ப இல்ல. இந்த வூட்ல அவ இருந்ததே இல்லம்மா. இங்க தூக்கம் வருது."

அன்றிரவே வீட்டில் பேசினோம். என் வீட்டுக்காரர்தான் போகியத்துக்கு விடலாம் என்றார். ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுத்தொகையும் திரும்ப வந்துவிடும். அதுவரை வீடு குடியிருப்பவர் கையில். இதை நான் சாரிடம் விளக்கத் தொடங்கியதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் ஊரிலும் அதே வழக்கமாம். கல்யாணம் ஆன புதிதில் அப்படிப் பிடித்த வீட்டில்தான் அவரும் மனைவியும் குடித்தனம் தொடங்கினார்களாம். ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்தார். மூன்று வருடம் என்று பேச்சு. மாடி கட்டிய கடனை நாங்கள் அடைத்தோம்.

இரண்டு ஊரிலும் ஒரே வழக்கம் என்றதில் எல்லோரும் மயங்கிவிட்டோம். இந்த நாட்டில் இருக்க அவரை விடுவார்களா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீடு கிடைத்தால் குடியிருக்கலாம் என்றுதானே நமக்குத் தெரியும்!

ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஆடிட்டரைப் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. வேலைக்கு வந்த விசா வேலையோடு முடிந்துவிடும். ஓய்வுக்காலத்தைக் கழிப்பதற்கென்று நம் நாட்டில் ஒரு விசாவே கிடையாது. குடியுரிமை கேட்கலாம் என்றால் அதற்கு வருடக்கணக்கில் இங்கே தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். கிடைத்தாலும் சொந்த நாட்டுக் குடியுரிமையை விட வேண்டும். வயதான காலத்தில் மருத்துவத்துக்கு அவர் நம்பியிருந்தது அந்த நாட்டு இன்ஷூரன்ஸைத்தான். ஆடிட்டர் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் ஆத்திரம். யாருக்கும் பாரமில்லாத ஒரு மனிதர் ஓரமாக இருந்துவிட்டுப் போனால் யார் குடி முழுகிவிடும்?

கடைசியில் டூரிஸ்ட் விசாதான். சில மாதம் இங்கே, சில மாதம் அங்கே. சொந்த வீட்டுக்குச் சுற்றுலா வருகிறவர் என்று நாங்கள் கேலி செய்வோம். வரும்போதெல்லாம் எனக்குக் கருவேப்பிலை நறுக்க ஒரு கத்தரிக்கோல் கொண்டுவருவார். ஒன்று போதும் என்று சொன்னால் காதில் வாங்கமாட்டார்.

போன முறை வந்திருந்தபோது கால் வீங்கியது. இங்கே ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் என்றார்கள். டயாலிசிஸுக்கு வாரத்துக்கு வாரம் ஆகும் செலவைக் கேட்டதும் எங்களுக்கே மயக்கம் வந்தது. அங்கே போனால் இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, "வந்துருவேம்மா" என்று கிளம்பினார். செருப்பை மாடி வாசலிலேயே விட்டிருந்தார்.

அவர் அங்கே இருக்கும்போதே மூன்று வருடம் முடிந்தது. என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"மாடி சும்மா பூட்டிக் கீது. நல்ல வாடகைக்கு ஆளு ரெடியா கீறான். பணத்தக் குடுத்துடலாம், அவருக்கும் வைத்தியத்துக்கு ஆவும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பணத்தைப் புரட்டி வைத்துக்கொண்டு சாரை வீடியோ காலில் கூப்பிட்டேன். அவர் முகம் பாதியாகியிருந்தது. பணத்தை அனுப்புகிறோம் என்றேன்.

"வேணாம்மா. பணம் வந்தா வூடு போச்சு."

"சார், வைத்தியத்துக்கு ஒதவுமே!"

"வைத்தியம் ஃப்ரீ. வூடு இருக்கட்டும்." பிறகு, "செருப்பு கீதா?" என்று கேட்டார்.

"கீது சார்" என்றேன். போனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரரிடம், இனி மாடிப் பேச்சை எடுத்தால் நடக்கிறதே வேறு என்று சொல்லிவிட்டேன். ஒரு மனிதர் அங்கே படுத்துக்கொண்டு இந்த வீட்டை நினைத்துக்கொண்டிருக்கிறார். வாடகை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் மாடிக்குப் போய்க் கூட்டிவிடுவேன். குழாயில் தண்ணீர் தேங்கி நாறக் கூடாது என்று திறந்துவிடுவேன். செருப்பைத் தட்டி வைப்பேன்.

சில மாதம் கழித்து அவர் மகனிடமிருந்து மெசேஜ் வந்தது. அப்பா போய்விட்டார், சாமான்களை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், போகியப் பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அவர்மேல் என்ன தப்பு? ஆனால் எனக்கு வந்த அழுகையை அடக்க முடியவில்லை.

வெளிநாட்டுக்கு அனுப்ப ஆடிட்டர் கையெழுத்து அது இதுவென்று இழுத்தது. இழுக்கட்டும் என்றுதான் இருந்தது எனக்கு. ஒரு நாள் காலையில் மாடியில் கூட்டிக்கொண்டிருக்கும்போது, பணம் வந்து சேர்ந்தது, நன்றி என்று மகன் தகவல் அனுப்பினார். துடைப்பத்தை வைத்துவிட்டு, வாசலில் இருந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். எங்கள் கணக்கில் அவர் வீட்டைக் காலி செய்தது அன்றைக்குத்தான்.