பத்து நிமிட ஏப்ரல்

கடைகளுக்கும் கிட்டங்கிகளுக்கும் கணினி நிரல் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். தேனியில் சின்னதாக ஓர் அலுவலகம் இருக்கிறது. வரப்போகும் தேதியை வைத்து நிரலைச் சோதிப்பது எப்படி என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தினமும் ஓடும் கணினியைத் தொடவே கூடாது. எல்லாவற்றையும் வேறொரு கணினியில் நகலெடுத்து, நெட் இணைப்பைப் பிடுங்கி, வாடிக்கையாளர்களின் போன் நம்பர்களை அழித்துவிட்டு, அப்புறம்தான் தேதியை நகர்த்த வேண்டும். அடுத்தவர்களுக்கு இதை வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உத்தமபாளையம் பக்கம் ஒரு வாழைக்கன்று நர்சரிக்கு நான் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆய்வகத்தில் வளர்ந்த கன்றுகளை நிழல்வலைக்குள் வைத்துத் தேற்றி விவசாயிகளுக்குக் கொடுப்பார்கள். மாதக்கணக்கில் முன்பதிவு இருக்கும். பதிந்தவரின் முறை வந்ததும் கணினியே அவருடைய போனுக்குச் செய்தி அனுப்பும்: 'உங்கள் கன்றுகள் தயார். மூன்று நாட்களுக்குள் பெற்றுக்கொள்ளவும்.' நான்காம் நாள் அந்தக் கன்று வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். அதனால் செய்தி வந்துவிட்டால் கல்யாண வீட்டில் பந்தியில் இருப்பவர்கூட எழுந்து வந்துவிடுவார்.

முந்தைய ஏப்ரலில் புது நிதியாண்டு பிறந்த அன்று பதிவு எண் சிக்கிக்கொண்டு நர்சரியில் பெரிய கூத்தாகிவிட்டது. இந்த முறை அப்படி ஆகாமல் முன்கூட்டியே பார்த்துவிடச் சொல்லி முதலாளி டிசம்பரிலேயே கூப்பிட்டார். சோதனைக்கு வைத்திருக்கும் கணினியைத் தேனியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். திரும்பிப் போய் எடுத்துவரச் சோம்பல். பத்து நிமிட வேலைதானே என்று நர்சரிக் கணினியிலேயே ஏப்ரல் ஒன்றாம் தேதியை வைத்தேன். பதிவு எண் அழகாக மாறியது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டு தேதியைத் திருப்பி வைத்தேன்.

நர்சரி மேற்பார்வையாளர் போனைப் பார்த்தபடி உள்ளே வந்தார்.

"சார், கன்னு ரெடின்னு எனக்கு மெசேஜ் வந்துருக்கு. நான் பங்குனிக்குத்தான பதிஞ்சுருக்கேன்?"

அனுப்பிய செய்திகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். தன் தோட்டத்துக்காகப் பதிந்திருந்த அவர் போக, நான்கு மாதத்துக்குள் முறை வரவேண்டிய இன்னும் பத்தொன்பது பேருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் செய்தி போயிருந்தது. 'தவறான செய்தி, பொறுத்துக்கொள்ளவும்' என்று இன்னொன்று அனுப்பவும் வழியில்லை. புது வாசகத்துக்குப் போன் கம்பெனியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அது வர இரண்டு மூன்று நாளாகும். ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். நர்சரி போனில் கூப்பிட்டால் முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்று என் போனிலிருந்தே கூப்பிட்டேன். பதினெட்டுப் பேர் எடுத்தார்கள். சிலர் சிரித்தார்கள், ஒருவர் திட்டினார். பத்தொன்பதாவது ஓர் அம்மா. மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை.

"அந்தம்மா தோட்டம் பக்கத்துலதேன் சார். வண்டிய எடுத்துட்டு ஒரு எட்டுப் போயிச் சொல்லிட்டு வந்துரவா?" என்றார் மேற்பார்வையாளர்.

வேண்டாம் என்றேன். அவர் எங்கே போனார் என்று முதலாளி கேட்பார், விஷயம் வெளியே வரும். சாயங்காலம் நானே கூப்பிட்டுச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். தேனிக்கு வந்ததும் வேறொரு கடையில் பிரிண்டர் மக்கர் செய்தது. மறந்தே போனேன்.

அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் மேற்பார்வையாளர் கூப்பிட்டார்.

"சார், அந்தம்மா கன்னு ஏத்த வண்டியோட வந்து நிக்கிறாக. புதுக் கன்னு வைக்க எடம் வேணும்னு இருந்த வாழைய வெட்டிட்டாகளாம்."

நான் போய்ச் சேர்வதற்குள் அந்த அம்மா வெறும் வண்டியோடு திரும்பியிருந்தார். தோட்டத்துக்குப் போனேன். அரை ஏக்கர். மாசியில் வெட்டவேண்டிய தார்கள் விரல் பருமன்கூட இல்லாத காய்களோடு வரப்போரம் குவிந்து கிடந்தன. பூ விட்டதும் முட்டுக் கொடுத்திருந்த கம்புகளை அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். கணவர் போன பிறகு தனியாளாக வைத்த முதல் வாழை அது என்று தோட்டத்துக்கு வழி சொல்லும்போதே மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார்.

"போன வருசம் எங்க கொழுந்தனாரு ஒருநா பிந்திப் போனதுக்கே கன்னு இல்லன்னுட்டாக. இந்த மொறைய விட்டா அடுத்த வருசந்தேன். அதான் மனசக் கல்லாக்கிக்கிட்டு வெட்டச் சொல்லிட்டேன்" என்றார்.

"போனு அடிச்சோமேம்மா."

"வீட்டுல கெடந்துச்சு தம்பி. நான் வெட்டுக்கு ஆள் கூப்புடப் போயிருந்தேன். யாருன்னு தெரியாத நம்பரு, திரும்ப அடிக்கல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். செய்தி வந்ததும் என்னால், வந்து சொல்ல இருந்த ஆளைத் தடுத்ததும் நான் என்று இரண்டு வாக்கியம் போதும். வாய் வரவில்லை. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, "விடுங்க தம்பி, நீங்க என்ன செய்வீக. மெஷினு பண்ணுன கூத்து" என்றார்.

"ஆமாங்கம்மா" என்றேன்.

கிளம்பும்போது குவியலில் கொஞ்சம் தேறியிருந்த ஒரு சீப்பை அரிவாளால் அறுத்துக் கொடுத்தார். "இங்கன கெடந்து வீணாத்தான போகும். பொரியல் வச்சா நல்லா இருக்கும்" என்றார். வாங்கிக்கொண்டேன். மறுநாள் வீட்டில் சமைத்தார்கள். ஏது இவ்வளவு பிஞ்சுக் காய் என்று கேட்டதற்கு, தெரிந்தவர் கொடுத்தார் என்று சொல்லிவிட்டு நானும் சாப்பிட்டேன்.