அப்பாசாமி செடிக்கு வைத்த எரு

ரங்கூனுக்கு எதிர்க்கரையில், டாலாச் சுடுகாட்டில் பிணம் எரித்தவர் அப்பாசாமி. அங்கே பிழைக்க வந்த தமிழர்களைக் கடைசியாகக் கவனித்துக்கொண்டவர் அவர்தான். அவரிடம் போனவர்கள் யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

சுடுகாட்டுக்குப் பின்னால், வாழைகளுக்கு நடுவே, சர்க்கார் கண்ணில் படாமல் ஒரு கஞ்சாச் செடி வளர்த்தார். எல்லாம் தை மாதம் முனீஸ்வரனுக்குப் படைக்கத்தான். கஞ்சாப் பூவில்லாமல் படைத்தால் முனி பூசாரியை அடித்துவிடும் என்பார்கள். பூசாரியும் அப்பாசாமியே என்பதால் அந்த நம்பிக்கையை அவர் பெரிதும் மதித்தார்.

ஒரு வருஷம் மார்கழி பிறந்தும் பூ திரளவில்லை. சாணியைக் கொட்டக் கொட்ட இலைதான் மண்டியது. பூக்கிற பருவத்தில் செடி கேட்பது சாம்பலும் எலும்புத் தூளும் என்பது அவருக்குப் புரிந்தது. இரண்டுக்கும் அவர் தொழிலில் பஞ்சமில்லை.

லான்மடாவ் துறையில் மூட்டை தூக்கிய மாரிச்சாமி அப்போதுதான் இருமி இருமிச் செத்திருந்தான். பிள்ளை இல்லை. அவன் மனைவி காளியம்மா அஸ்திப் பானையை அப்பாசாமியிடம் கொடுத்து, நடு ஆற்றில் கரைக்கச் சொன்னாள். அவரோ சாம்பலையும் எலும்பையும் செடிக்கு வைத்துவிட்டு, பானையை மட்டும் பக்தியோடு ஆற்றில் விட்டார்.

பூ கைப்பிடி அளவு திரண்டது. ஆனால் காற்றில்லாத நேரத்திலும் அந்தச் செடி மட்டும் குலுங்கியது. அதன் அடியிலிருந்து ஓர் இருமல் கேட்டது.

ஒருநாள் மூடுபனி விலகுமுன் காளியம்மா வந்தாள்.

"அண்ணே, அவர எங்க கரைச்சீங்க?"

"நடு ஆத்துலதாம்மா."

"அப்புறம் ஏன் என் வாசல்ல வந்து இருமுறாரு? கதவத் தொறந்தா ஆளில்ல. ஈர மண்ணுதான் கெடக்கு."

வாழைகளுக்குள் யாரோ இருமினார்கள்.

"யாரது?"

"நரிம்மா."

"நரிக்குச் சளியா?"

அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். செடியைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"உசுரோட இருந்தப்ப ஒரு எடத்துல நிக்க மாட்டே. இப்ப வேரு விட்டுட்டியாய்யா?" என்று செடியிடம் கேட்டாள். பிறகு, "பிடுங்குங்க" என்றாள்.

"முனிக்கு வச்சதும்மா. பூவில்லேன்னா அடிக்கும்."

"முனி தையிலதான் அடிக்கும். நான் இப்பவே அடிப்பேன்."

அப்பாசாமி பிடுங்கினார். வேர்கள் விரல்களைப் போல மடங்கி எலும்புத் துண்டுகளைப் பற்றியிருந்தன.

இருவரும் சம்பான் படகில் நடு ஆற்றுக்குப் போனார்கள். நீரில் விட்ட செடி சாயவில்லை. நிமிர்ந்தபடியே, ஓட்டத்தை எதிர்த்து, லான்மடாவ் துறையை நோக்கி நகர்ந்து பனிக்குள் மறைந்தது.

"வேலைக்குப் போறாரு" என்றாள் காளியம்மா.

அதன்பின் அவள் வாசலில் இருமல் இல்லை. தையில் அப்பாசாமி, அந்தச் செடியில் முன்பே கிள்ளி வைத்திருந்த வெறும் இலையைப் படைத்தார். முனி அடிக்கவில்லை. ஆனால் படையலை எடுத்துப் புகைத்த அன்றே அப்பாசாமி இருமத் தொடங்கினார். அடுத்த மழைக்குள் போய்ச் சேர்ந்தார். "என்னைய ஆத்துலயே கரைங்க, கண்ணால பாத்துக் கரைங்க" என்பதே அவர் கடைசி வார்த்தை.

அவருக்கும் பிள்ளை இல்லை. அஸ்திப் பானையைக் காளியம்மாதான் வாங்கிக்கொண்டாள். அவள் வாசல் முருங்கை அப்போதுதான் பூவெடுத்துக்கொண்டிருந்தது.