செத்த செடியின் குழி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு அதற்குக் காரணமும் இருந்தது. பிரசவ விடுப்பு முடிந்து, போடியிலிருந்து ஜீப்பு பிடித்து மலைச்சரிவில் இருக்கும் எங்கள் ஆய்வுத் தோட்டத்துக்குப் போனால், ஒரு ஏலச்செடிகூடச் சாகாமல் எல்லாம் பச்சைப் பசேலென்று நிற்கின்றன.

மழை பொய்த்தாலும் தாங்கும் ஏலச்செடியை உருவாக்குவதுதான் என் வேலை. ஒவ்வொரு செடிக்கும் எண் கொடுத்து, நடும்போதே இலையில் ஒரு துண்டு கிள்ளி மரபணுவைப் படித்து வைத்திருந்தோம். கோடையில் தண்ணீர் விடாமல் காயப்போட வேண்டும். எது சாகிறது, எது பிழைக்கிறது என்று தெரிந்தால்தான் பிழைத்ததன் மரபணுவில் என்ன இருக்கிறது என்று தேட முடியும்.

தோட்டத்தைக் கவனித்த ராசிங்காபுரத்து அக்காவிடம் தண்ணீர் விடாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். விடவில்லை. ஆனால் ஏலக்காட்டில் ஒரு குழி காலியானால் பக்கத்துத் தூரிலிருந்து கன்று பிரித்து நட்டுவிடுவார்கள். மழை விழுந்ததும் அவரும் அப்படியே நட்டிருக்கிறார், பழைய எண் அட்டைக்குப் பக்கத்திலேயே. எங்கெங்கே நட்டோம் என்று அவருக்கே நினைவில்லை.

மூன்று வருஷ உழைப்பு போச்சு என்று கத்தினேன்.

"குழி காலியாக் கெடந்தா, ஏன்டி சோலியப் பாக்கலன்னுதான மொதலாளிக கேப்பாக, ஆத்தா?" என்றார்.

செத்த செடி எனக்கு ஏன் வேண்டும் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. தப்பு என்னுடையது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

ஆனால் விடுவதாக இல்லை. அட்டைப்பூச்சிக் கடிக்குப் புகையிலைத் தூளைத் தேய்த்துக்கொண்டு, தூறலில் எல்லாச் செடியிலும் மறுபடி இலை கிள்ளினேன். பழைய மரபணுவோடு ஒத்துப்போகாதவைதான் இடையில் நட்டவை; அந்த எண்களில் முன்பு இருந்தவைதான் செத்தவை. முடிவு வந்ததும் அக்காவை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுக்கொண்டார். ஆனாலும் உயிருள்ள செடியைத் தன்னால் பிடுங்க முடியாது என்றுவிட்டார். நானே பிடுங்கினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம், பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது.

"இன்னிக்கு நாலு செத்துப்போச்சு ஆத்தா. மனசு கேக்கல. ஆனா குழியத் தொடல."

சோற்றுக் கையைத் துடைத்துவிட்டுப் பேனா எடுத்தேன். செத்தவற்றின் எண்களை அவர் ஒவ்வொன்றாக வாசித்தார்.