மார்லீஸுக்குக் கொடுத்த தனி கிளாஸ்

ரோன் பள்ளத்தாக்கின் மேல்சரிவில் மார்லீஸ் டார்பெலேயைத் தெரியாதவர் கிடையாது. வார நாட்களில் மஞ்சள் தபால் பேருந்தை அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் சீட்டியடித்தபடி ஓட்டுவாள். செப்டம்பர் திருவிழா வந்தால் தேவாலயத்துக்கு எதிரே நெருப்பின் முன் நிற்பாள். பாதி வட்டச் சீஸைத் தணலில் காட்டி, உருகும் முகத்தைக் கத்தியால் ஒரே இழுப்பில் தட்டில் வழித்துப் போடுவாள். இருபத்தாறு வருடமாக ராக்லெட் என்கிற இந்தச் சீஸ் விருந்து அவள் கையில்தான்.

தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, புளிப்பு வெள்ளரி, குட்டி வெங்காயம். அதோடு குடிக்க ஃபாந்தான், உள்ளூர் வெள்ளை ஒயின். இத்தனை வருடமும் அதைக் கொடுத்தவர் திராட்சைத் தோட்டக்காரர் ஃபிர்மன். மெலிதான ஒயின், சீஸின் கனத்தைக் கழுவிவிட்டு அடுத்த வாய்க்கு இடம் பண்ணும். உலர்ந்த மாட்டிறைச்சிக்கும் பொருந்தும், ஏரி மீனுக்கும் பொருந்தும்.

கணவன் இறந்து ஒன்பது வருடமான மார்லீஸின் மனசுக்கு ஃபிர்மனும் பொருந்தித்தான் இருந்தார். அதை அவரிடம் சொல்லத்தான் அவளுக்கு வாய் வரவில்லை.

ஏப்ரலில் அவரே அவளைத் தன் ஒயின் நிலவறைக்கு அழைத்தார். புது நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். அங்கே ஆறு ஆண்கள் இருந்தார்கள். அந்த ஊரில் நிலவறைக்கு ஒரே ஒரு கிளாஸ். வீட்டுக்காரர் முதலில் குடித்துவிட்டு, அதையே நிரப்பி அடுத்தவருக்குக் கொடுப்பார். கடைசி ஆள் வரை அப்படியே சுற்றும். அவள் முறை வந்தபோது ஃபிர்மன் அலமாரியிலிருந்து வேறொரு கிளாஸை எடுத்து, துணியால் பளபளவென்று துடைத்து, அவளுக்கென்று தனியாக ஊற்றினார்.

ஆறு பேரும் அந்தக் கிளாஸைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்குத்தான் தனி கிளாஸ். நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தவள், அன்று மாலைப் பேருந்தை முதல்முறையாக நான்கு நிமிடம் தாமதமாக எடுத்தாள். கண்ணைத் துடைக்க அவ்வளவு நேரம் ஆகிவிட்டது.

திருவிழாவுக்கு வேறு ஊரிலிருந்து ஒயின் வரவழைத்தாள். ஓக் பீப்பாயில் கிடந்த கனத்த சரக்கு. இரண்டு வாய் சீஸிலேயே தொண்டையை அடைத்தது. ஜனங்கள் நாசூக்காகப் புட்டிகளைத் தள்ளிவைத்தார்கள். தப்புப் பண்ணிவிட்டது தெரிந்து அவள் தலை நிமிரவில்லை.

வரிசையில் தட்டோடு ஃபிர்மன் வந்து நின்றார்.

"என் ஒயின் என்ன பாவம் பண்ணிச்சு மார்லீஸ்?"

"அசலூர்க்காரிக்கு உங்க ஒயினோட அருமை எங்க தெரியும்? தனி கிளாஸ் வாங்கினவதானே நான்."

ஃபிர்மனுக்கு அது விளங்கவே சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் காது நுனி வரை சிவந்துபோனார்.

"ஆறு பேர் எச்சி மார்லீஸ் அது. மூக்குப்பொடி மீசையோட குடிக்கிறவங்க. அதைப் போய் உங்க கையில கொடுக்க மனசு வரல."

கத்தி அந்தரத்தில் நின்றது. ஐந்து மாதத்துக் கோபம் கரைந்து அவள் கண்ணில் வந்து நின்றது.

"அதுல முதல்ல வாய் வச்சது நீங்கதானே," என்றாள் மெதுவாக. "மத்த ஆறு பேரைப் பத்தி எனக்கென்ன?"

வரிசையில் பின்னால் இருந்தவர்கள், கல்யாணப் பேச்சைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளச் சொல்லிச் சிரித்தார்கள். ஃபிர்மன் தலையாட்டிக்கொண்டே தட்டைக் கீழே வைத்தார்.

"வண்டியில என் ஒயின் நாலு பெட்டி இருக்கு," என்றார். "கொண்டு வரட்டுமா?"

"இன்னும் இங்கயே நிக்கிறீங்களே."

அறுபது வயது மனிதர் சரிவில் பையனைப் போல ஓடினார். மார்லீஸ் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக அவள் கையில் சீஸ் கருகியது.