பி.டி. சார் வைத்த பொட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு பச்சைக் கோலிக்குண்டு கிடக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் சின்னதாகச் சில்லு பெயர்ந்த ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் குங்குமம் ஏறி, எத்தனை முறை கழுவியும் போகவில்லை. சிவப்பு மைப் பேனாவைத் தேடிக் கைவிட்டால் முதலில் விரலில் படுவது அதுதான். பட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பின்னாலேயே எங்கள் பி.டி. சாரின் ஞாபகமும் வரும்.

பாடம் முடியவில்லை என்றால் விளையாட்டுப் பீரியடில் கைவைப்பது நம் ஊர் வாத்தியார்களின் பிறப்புரிமை. சயின்ஸ் டீச்சரான நான் கொஞ்சம் பேராசைக்காரி. எட்டாம் வகுப்பின் இரண்டு பி.டி. பீரியடையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். எடுத்துப் பாடம் நடத்தியிருந்தாலாவது அவர் பொறுத்திருப்பார். நானோ பிள்ளைகளோடு வராந்தாவில் உட்கார்ந்து ரோலர் கோஸ்டர் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் முன்னால் வந்து நின்றார். "எம் பீரியடை வாங்கி, நீங்களும் விளையாட்டுதானே காட்டுதீங்க டீச்சர்? அதுக்கு நான் காட்டுனா என்ன?" என்றார். நியாயமான கேள்விதான். எனக்குக் கோபம்தான் வந்தது.

எங்கள் பிள்ளைகள் பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றியவர்கள். ரோலர் கோஸ்டரைச் செல்போனில் மட்டும் பார்த்தவர்கள். ஏசி குழாய்க்கு மேலே சுற்றுகிற கறுப்புப் பஞ்சுக்குழாய் இருக்கிறதே, அதன் மிச்சத் துண்டுகளை மெக்கானிக் அப்பா ஒருவர் கொடுத்தார். அதை நீளவாக்கில் பிளந்தால் குண்டு ஓட அருமையான வாய்க்கால். துண்டுகளை டேப்பால் ஒட்டி, நடுவில் தலைகீழாகச் சுற்றிவர ஒரு வளையம் வைத்தோம். "ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது" என்று ஜெபம் போல ஒப்பிக்கிற பிள்ளைகள் அதை அப்படியே நம்பி, வளையம் எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் தொடக்கத்தையும் வைத்தார்கள். குண்டு பாதி ஏறிப் பொத்தென்று விழுந்தது. ஜன்னல் திண்டுக்கு ஏற்றினார்கள், மறுபடி விழுந்தது. கடைசியில் அலமாரியின் தலைக்கே ஏற்றிய பிறகுதான் ஒரு சுற்றுச் சுற்றி, பாதை முடிவில் வைத்திருந்த வாளிக்குள் விழுந்தது. உச்சியிலும் குண்டுக்கு வேகம் மிச்சமிருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள். இடையில் குறைகிற ஆற்றல் எங்கே போகிறது என்பது மட்டும் ஒருவருக்கும் பிடிபடவில்லை. உரசலில் போகிறது என்று நான் சொல்வேன், அவர்களும் தலையாட்டுவார்கள்.

பி.டி. சார் தலைமை ஆசிரியையிடம் போய்விட்டார். கபடிப் போட்டி வருகிறது, பிள்ளைகளுக்குப் பயிற்சியே இல்லை என்றார். அந்த அம்மாள் இருவரையும் நிற்கவைத்துத் தீர்ப்புச் சொன்னார். பூஜை விடுமுறை முடிந்து திறக்கிற அன்று தன் கண் முன்னால் குண்டு ஓட வேண்டும். வாளியில் விழுந்தால் பீரியட் சயின்ஸ் டீச்சருக்கு. விழாவிட்டால் வருஷம் முழுக்க பி.டி. சாருக்கு. வாய்ப்பு ஒன்றே ஒன்றுதான்.

விடுமுறைக்கு முந்தின நாள் பள்ளியில் ஆயுத பூஜை. பந்து, வலை, ஸ்டம்பு, விசில் என்று பி.டி. சார் ஒன்றையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தார். எங்கள் பாதையும் பச்சைக் குண்டும்கூடப் பொட்டோடு நின்றன. அதை யாரும் கவனிக்கவில்லை. அன்றைக்குப் பொட்டு இல்லாத பொருள்தானே நம் கண்ணை உறுத்தும்!

பள்ளி திறந்தது. தலைமை ஆசிரியை நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு பையன் அலமாரி உயரத்திலிருந்து குண்டை விட்டான். சரிந்து வந்த குண்டு வளையத்தின் அடியில் ஒரு துள்ளுத் துள்ளி, முக்கால்வாசி ஏறித் திரும்பி விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கபடிப் பையன்கள்கூடக் கைதட்டவில்லை.

விடுதியில் தங்கிப் படிக்கிற, உவரி என்ற கடற்கரை ஊர்ப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். பூஜைக்கு முன்பே ஊருக்குப் போயிருந்ததால் பாதையைப் பொட்டோடு அவள் அன்றுதான் பார்க்கிறாள். தரையில் படுத்து வளையத்துக்குள் விரலை விட்டுத் தடவினாள். "டீச்சர், இங்கன என்னமோ காஞ்சு கெடக்கு. சொரசொரன்னு இருக்கு." எழுந்து விரலைக் காட்டினாள். காய்ந்த சந்தனம். "இதுலதான் டீச்சர் ஆற்றலு போவுது!" என்று கத்தினாள். வாரக்கணக்காக நான் தொண்டை வறளச் சொன்னது, ஒரே நிமிஷத்தில் வகுப்பு முழுவதற்கும் புரிந்துவிட்டது.

பி.டி. சார் பேசாமல் இருந்திருக்கலாம். வருஷம் முழுக்கப் பீரியட் அவர் கையில் இருந்தது. அவரோ முன்னால் வந்தார். "அது நான் வச்சது. பிள்ளைங்க பாடுபட்டுக் கட்டுனதாச்சேன்னு உள்ள கொஞ்சம் தாராளமாவே வச்சிட்டேன்" என்றார். பிறகு தலைமை ஆசிரியை பக்கம் திரும்பி, "ஃபவுல் எம் பேர்ல, டீச்சர். ஆட்டத்தைத் திருப்பி ஆடணும்" என்றார். தோள் துண்டை நனைத்து, குனிந்து, வளையத்தை அவரே பையத் துடைத்தார். எனக்கு அந்த மனுஷன் மேல் இருந்த கோபமெல்லாம் அந்தத் துண்டோடு போயிற்று.

அவர் விசில் ஊத, குண்டு புறப்பட்டது. வளையத்தைச் சுற்றி, வாளிக்குள் டங்கென்று விழுந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் தலைமை ஆசிரியையும் எழுந்துவிட்டார். விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்து பி.டி. சார் ஊதிக்கொண்டே குதித்தார். அவர் தோற்றுப்போனது அவருக்கே அப்புறம்தான் உறைத்திருக்கும். அடுத்த வாரம் ஒரு பீரியடை நானாகவே திருப்பிக் கொடுத்தேன். கபடிப் பிள்ளைகள் ஜெயித்துவிட்டு வந்தார்கள். அதற்கும் இயற்பியல்தான் காரணம் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது அவர் மாறுதலாகிச் சாத்தான்குளம் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறார். போன வாரம் போன் வந்தது.

"டீச்சர், இங்கன பிள்ளைங்க ரோலர் கோஸ்டர் கட்டியிருக்கு. குண்டு சுத்த மாட்டேங்கு. பொட்டு ஒண்ணும் வைக்கல."

"யார் பீரியட்ல சார் கட்டுறாங்க?"

"எம் பீரியட்லதான்" என்றார்.

சிரித்து முடித்துவிட்டு, தொடங்குகிற இடம் எவ்வளவு உயரம் என்று கேட்டேன். வளையத்துக்குச் சமமாம். "அலமாரியை மறந்துட்டீங்களா சார்?" என்றேன். "ஏலே, அந்த மேசையை இங்கன தூக்கியாங்கலே!" என்று அங்கே ஒரு சத்தம். போனை அவர் வைக்கவில்லை. நான் பச்சைக் குண்டை எடுத்து மேசை மேல் உருட்டிக்கொண்டே காத்திருந்தேன். மேசை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு பிள்ளைகளின் கூச்சலோடு ஒரு விசில் சத்தம்.

குண்டு சுற்றியதா என்று நான் கேட்கவேயில்லை. விசில் நின்றால்தானே கேட்பதற்கு!