கரையிலிருந்து நான் கூப்பிட்டது

எங்கள் தகப்பனார், நாங்கள் நைனா என்று கூப்பிட்டவர், மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

நைனா பிறந்தது கீழக்கரைக்குப் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில். படகில்லாத குடும்பம். கரையிலிருந்தே நீந்திப் போய், பாறை இடுக்குகளில் முங்கிச் சிப்பி எடுத்துப் பிழைத்தார்கள். பஞ்சத்தில் பெற்றோரை இழந்தபின், தோல் வியாபாரி ஒருவரோடு ஆம்பூர் வந்து சேர்ந்தார். அங்கே தோல் மண்டியில் முப்பது வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் அலசினார். கை வெந்து புண்ணான நாளிலும் யாரையும் கடிந்து பேசியதில்லை.

எனக்குப் பத்து வயதானபோது ஒருமுறை அந்தக் குப்பத்துக்கு அழைத்துப் போனார். என்னை மணலில் உட்கார வைத்து, மேல்துண்டை என் மடியில் போட்டார்.

“நூறு எண்ணுடா. அதுக்குள்ள வந்துடுவேன்.”

“வரலன்னா?”

“மறுபடியும் ஒண்ணுலேர்ந்து எண்ணு. இன்னாத்துக்கு மூஞ்சிய இப்படி வச்சிக்கினு இருக்கற?”

முதல் தடவை எண்பதில் தலை தெரிந்தது. “திருக்கை மீனு ஒண்ணு மணலுக்குள்ள படுத்துக்கினு இருக்குதுடா!” என்று கத்திவிட்டு மறுபடி முங்கினார். இந்தத் தடவை பாறைக்கு அப்பால் ஒரு கறுத்த முதுகு நீரைக் கிழித்துப் போனது. எண்ணிக்கை எனக்கு மறந்துபோயிற்று. இடுப்பளவு தண்ணீரில் ஓடி, “நைனா, வந்துடு! வந்துடு நைனா!” என்று அலறினேன்.

வந்தார். கண் சிவந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

“சுறாடா! என் நீளம் இருக்கும். நேருக்கு நேரா வந்து பார்த்துச்சு. இத்தினி வருஷம் நீ எங்க போய்ட்டன்னு கேக்கற மாதிரி இருந்துச்சு. அப்பறம் அதும்பாட்டுக்குப் போய்டுச்சு.”

எனக்கு அழுகை நிற்கவில்லை. இனிமேல் கடலில் இறங்க மாட்டேன் என்று சொன்னால்தான் ஆச்சு என்று அவர் காலைக் கட்டிக்கொண்டேன். அந்தச் சிரிப்பு அடங்கிற்று.

“சரிடா. போவல.”

சொன்ன சொல்லைக் கடைசிவரை காத்தார். அதற்குப் பிறகு எங்கள் தெருக் கிணற்றில் யாராவது குடத்தைத் தவறவிட்டால், எடுக்க முங்குவார், அவ்வளவுதான். “உள்ள இன்னா இருந்துச்சு நைனா?” என்று கேட்பேன்.

“குடம்டா. வேற இன்னா இருக்கும்?”

தென்பக்கம் போய்வந்தவர் யாராயிருந்தாலும், கடல் எப்படி இருக்குது என்று சொந்தக்காரரை விசாரிப்பது போல விசாரிப்பார். எனக்குப் பிள்ளைகள் பிறந்தபின் ஒருநாள், “போலாம் நைனா, இப்ப பயப்பட மாட்டேன்” என்றேன்.

“கரையில நின்னு பேஜார் பண்ணுவ. உடு” என்று சிரித்தார். மறுபடியும் கேட்டிருந்தால் வந்திருப்பார். ரயில் பயணம், அவருடைய இருமல் என்று எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு கவலை. கேட்கவேயில்லை.

போன ஆடியில் இருமல் முற்றிப் படுத்தார். கடைசி நாள் மூச்சு நின்று நின்று வந்தது. அவர் கையைப் பிடித்தபடி, என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். “கூப்பிடுடா, நைனான்னு கூப்பிடுடா” என்று அம்மா அழுதார்கள். வாய் திறந்தது, அன்று கரையிலிருந்து கூப்பிட்டதே போதும் என்று நான் கூப்பிடவில்லை. நூறு கடந்தும் அடுத்த மூச்சு வரவில்லை. மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினேன்.

பள்ளிகொண்டாவிலிருந்து மழையில் வண்டி கட்டி வந்த வைத்தியருக்கும், பாடையைத் தோளில் சுமந்த மண்டித் தோழர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டுக்குச் சோறு அனுப்பிய தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. உங்களில் யாராவது தென்பக்கம் போய்க் கடலைப் பார்த்தால், நைனா விசாரித்ததாகச் சொல்லுங்கள்.